அண்ணன் நிறுத்தி நிறுத்தி வாசிப்பார்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணன், அண்ணி, என் மருமகள்கள் இருவருக்கும்,

இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். அங்கே அண்ணனின் இடுப்பு வலி தேவலையா? பள்ளிக்கூட பஸ்ஸின் டிரைவர் இருக்கையை மாற்றித் தருவதாகச் சொன்னார்களே, மாற்றினார்களா? அண்ணிக்கு ரொட்டிக் கடை அடுப்புச் சூடு ஒத்துக்கொள்கிறதா?

இப்போது அங்கே என்ன நடக்கிறதென்று இங்கிருந்தே எனக்குத் தெரியும். சாப்பாடு முடிந்து தட்டுகள் கழுவியாயிற்று. அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இதைச் சத்தமாக வாசிக்கிறார். நம் குடும்பத்தில் கடிதம் தனி ஆளுக்கு வராது, மேசைக்குத்தான் வரும். அதனால் வாசிக்கிற உன்னிடமே சொல்கிறேன், அண்ணே. இந்த இடத்தில் உன் வித்தையைக் காட்டு. நிறுத்து. பெண்கள் ஏங்கட்டும். நிறுத்தினாயா? சரி, இப்போது படி.

இந்தப் பள்ளி விடுமுறைக்கு நீங்கள் எல்லோரும் இங்கே வருகிறீர்கள். நான் கேட்கவில்லை, சொல்கிறேன். ஆற்றில் படகு, நாடகக் கொட்டகை, மிருகக்காட்சிச் சாலை, மலை உச்சியிலிருந்து ஊர் முழுக்கப் பார்ப்பது, எல்லாம் உண்டு. பக்கத்து வீட்டுத் தையல்காரியையும் அவள் வீட்டுக்காரரையும் அவர்கள் மகள் குட்டி பட்டனையும் கூட்டி வாருங்கள். உயிர்த்தோழியை விட்டுவிட்டு வந்தால் அண்ணிக்குச் சோறு இறங்காது. ஏழாவது மாடியில் இரண்டு அறைதான். ஆனாலும் மனசு இருந்தால் பாய் போட இடமா இல்லை?

அண்ணன் தலைக்கு அங்கே எவனோ அரைகுறை கத்தரி போடுகிறான் என்று போன போட்டோவிலேயே தெரிந்தது. என் முடி வெட்டும் கடை நாற்காலி காத்திருக்கிறது.

மாப்பிள்ளை எல்லோருக்கும் வணக்கம் சொல்லச் சொன்னார். கொட்டாவி விட்டுக்கொண்டேதான் சொன்னார்.

உங்கள்
குருவி

*

பிப்ரவரி 21

அன்புள்ள குருவிக்கு, அண்ணி எழுதுவது.

நாங்கள் நலம் என்றுதான் எழுத வேண்டும். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும்.

இதை ரொட்டிக் கடையில் மாவைப் பிசைந்து மூடி வைத்துவிட்டு, அது உப்பி வருவதற்குள் எழுதுகிறேன். பதிலைக் கடை முகவரிக்கே போடு. வீட்டுக்குப் போட்டால் உன் அண்ணன் வாசித்துவிடுவார். இது மேசைக்கு வரக் கூடாத கடிதம். போனில் பேசலாம் என்றால் மூலைக் கடையில் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

உன் கடிதம் வந்த அன்று வீடே அமளிதுமளி. நிறுத்து என்று நீ எழுதிய இடத்தில் நிறுத்தினார். பெண்கள் கூச்சல் போட்டார்கள். தையல்காரி கையிலிருந்த துணியை அவர்மேல் எறிந்தாள். பிறகு படித்துக்கொண்டே போனார். 'மிருகக்காட்சி' என்றார். 'சாலை' வரவில்லை.

எல்லோரும் மறுபடியும் சிரித்தார்கள். "போதும்பா, படிப்பா" என்று சின்னவள் மேசையைத் தட்டினாள். நான் அவருக்கு நேர் எதிரே இருந்தேன். கண் காகிதத்தில் இல்லை. எங்கள் யார்மேலும் இல்லை. வாய் எதையோ மெல்வதுபோல் அசைந்தது. வலது கை காகிதத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒரு மூச்சு விட்டு, "எதுவரைக்கும் படிச்சேன்?" என்று கேட்டுவிட்டு, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இது முதல் தடவை இல்லை, குருவி. சின்ன வயதில் அவரிடம் இப்படி எதையாவது பார்த்திருக்கிறாயா? உள்ளதை எழுது.

உன்
அண்ணி

*

மார்ச் 5

என் அருமை அண்ணிக்கு,

சுகம். உங்கள் சுகத்தைப் பற்றிக் கேட்கவே பயமாக இருக்கிறது, கேட்டால் நாலு பக்கத்துக்குக் கவலைப்படுவீர்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மாவு அதிகமாகப் புளித்தாலே உலகம் முடிந்தது என்பவர் நீங்கள். அண்ணன் நடிக்கிறார், அவ்வளவுதான். அது எங்கள் அப்பாவிடமிருந்து வந்த வித்தை. அப்பா பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். சுவாரசியமான இடத்தில் அப்படியே நின்றுவிடுவார். நானும் அண்ணனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். "அப்புறம் என்னப்பா" என்று நாங்கள் கத்தக் கத்த, அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சுகமே தனி. கட்டடத்துக்கு வர்ணம் பூசும்போது கால் தவறிச் சாரத்திலிருந்து விழுந்து அவர் போன பிறகு, அண்ணன்தான் எனக்கு அப்பா மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார். அவருக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை.

அதையா நோய் என்கிறீர்கள்? அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவேன். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் உண்டா?

வேன் ஒன்றை இரவல் வாங்கி அவரே ஓட்டி வரப்போவதாகப் பெரியவள் எழுதியிருந்தாள். நல்லதுதானே. ரயில் செலவு மிச்சம். ஊருக்குப் போட்டுக்கொள்ள நாலு உடுப்பு தைக்கிற வழியைப் பாருங்கள்.

உங்கள்
குருவி

*

மார்ச் 19

அன்புள்ள குருவி,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

நீ எழுதியதைப் படித்து ஒரு வாரம் நிம்மதியாகத்தான் இருந்தேன். எனக்கு மட்டும் என்ன, அது நோயாக இருக்க வேண்டும் என்று ஆசையா? பிறகு ஒரு நாள் பட்டன் ரொட்டி வாங்கக் கடைக்கு வந்தாள். தையல்காரி மகளும் அவர் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போகிறாள் என்று உனக்குத் தெரியும். "அத்தை, மாமா பஸ்ல எங்ககூட சிலை விளையாட்டு விளையாடுறாங்க" என்றாள். அது என்ன விளையாட்டு என்று கேட்டேன். பிள்ளைகள் ஏறி முடித்ததும் சில நாள் மாமா வண்டியை எடுக்காமல் சிலை மாதிரி உட்கார்ந்துவிடுவாராம். உடனே பிள்ளைகள் எல்லோரும் அசையாமல் உட்கார வேண்டுமாம். முதலில் சிரித்தவர் தோற்றவர்.

இந்த விளையாட்டை யார் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டேன். "நாங்கதான். மாமாவுக்கு விளையாட்டு பேரே தெரியாது" என்றாள்.

அவளுக்கு இரண்டு பன் கொடுத்து அனுப்பிவிட்டு, பின்னால் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி வந்து என்னம்மா என்றார். தலைசுற்றல் என்றேன். இதுவரை பிள்ளைகள் சொல்வதெல்லாம் வண்டி நிற்கும்போது வந்தது. ஓடும்போது வந்தால்?

அவரிடம் ஒரு நாள் சாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "கண்ணைத் திறந்துகிட்டே தூங்குறேனா? நல்லா இருக்குடி கதை" என்று சிரித்தார். அவருக்குத் தெரியவே இல்லை, குருவி. போய்விட்டு வருகிறவருக்குப் போனதே தெரியவில்லை. நான் அழுத்திச் சொன்னால் பொண்டாட்டி புலம்பல் என்பார். யார் சொன்னாலும் கேட்காதவர் நீ சொன்னால் கேட்பார். விடுமுறைக்கு வருகிறோம். உன் கண்ணால் பார். பார்த்துவிட்டு நீயே சொல். பள்ளிக்கூடம் மறுபடி திறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வேன் விஷயத்தை முடித்துவிட்டேன். வேனில் ஏறினால் தையல்காரிக்கு வாந்தி வரும் என்று சொல்லிவிட்டேன். எனக்கா வாந்தி என்று அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. ரயிலில் வருகிறோம்.

உன்
அண்ணி

*

ஏப்ரல் 2

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும்,

நலம், நலம், நலம். இடுப்பு, முழங்கால், பல் எல்லாவற்றின் நலத்தையும் நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளை வருவார். தூங்கிவிடாமல் நான் பின்னாலேயே வருவேன். தையல்காரி அக்காவுக்கு ஜன்னல் ஓரம் கொடுங்கள், வாந்தி என்று கேள்விப்பட்டேன். பட்டனுக்கு லிஃப்டில் பொத்தான் அழுத்தும் வேலை ஒதுக்கியாயிற்று. இனி கொஞ்ச நாளைக்கு நமக்குள் கடிதமே வேண்டாம், வாயால் பேசிக்கொள்ளலாம்.

அண்ணி, நீங்கள் கேட்டதைப் பார்த்து வைக்கிறேன். அண்ணே, நிறுத்தாதே, அது அண்ணி கேட்ட சேலைக் கலர் விஷயம், உனக்குப் புரியாது.

குருவி

*

மே 6

அன்புள்ள குருவிக்கும் மாப்பிள்ளைக்கும்,

எல்லோரும் சுகமாக வீடு வந்து சேர்ந்தோம். உங்கள் இருவருக்கும் உடம்பு அலுப்புத் தீர்ந்ததா? எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

பெரியவள் எழுதச் சொல்வது: படகில் போனதுதான் அவள் வாழ்நாளிலேயே சிறந்த நாள். சின்னவள் எழுதச் சொல்வது: அவளுக்கும் அதேதான், ஆனால் அக்கா முதலில் சொல்லிவிட்டதால் குரங்குக் கூண்டு. நகரும் படிக்கட்டில் ஏறத் தெரிந்த தையல்காரிக்கு இறங்கத் தெரியாமல் போய், காவலாளி படிக்கட்டையே நிறுத்தி இவளை இறக்கியதைத் தெருவில் எல்லோரிடமும் இவள் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அவள் அவர் சட்டைகளுக்குப் பட்டன் தைப்பதில்லை என்று சபதம் போட்டிருக்கிறாள். நாடகத்தில் மாப்பிள்ளை விட்ட குறட்டைக்கு மேடையிலிருந்த ராஜா திரும்பிப் பார்த்ததை உன் அண்ணன் நடித்துக் காட்டினார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கிறது.

ராத்திரி எல்லோரும் தட்டில் அடுக்கிய ரொட்டி மாதிரி வரிசையாகப் படுத்துக்கொண்டு பேசிக்கொண்டே தூங்கினோமே, அது போதும் எனக்கு. மலை உச்சிக்கு மாப்பிள்ளை வாடகைக்கு எடுத்த வேனை உன் அண்ணன் ஓட்டிப் போனதும், அங்கிருந்து ஊரைப் பார்த்ததும் மறக்காது. அன்று திரும்பி வரும்போது நீ மட்டும் பேசாமலே வந்தாய். அலைச்சல் என்று நினைத்தேன்.

முடி வெட்டு பிரமாதம் என்று பஸ் டெப்போவில் எல்லோரும் சொன்னார்களாம். இது உன் அண்ணன் எழுதச் சொன்னது.

எல்லோருடைய அன்போடும்
அண்ணி

*

மே 7

குருவி,

நேற்று எழுதியது மேசைக்காக. இது உனக்கு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அலைச்சல் என்று நான் நினைக்கவில்லை. மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் வந்ததும் சிக்னலில் நின்றோமே. பச்சை விழுந்தது. வேன் நகரவில்லை. பின்னால் எல்லா வண்டியும் ஹாரன் அடித்தது. "மாமா சிலை, மாமா சிலை" என்று பட்டன் கத்தினாள். எல்லோரும் அசையாமல் உட்கார்ந்துகொண்டார்கள், மாப்பிள்ளைகூட. நீ முன்னால் அவர் பக்கத்தில் இருந்தாய். நான் பின்னாலிருந்து கண்ணாடியில் உன் முகத்தைப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். உன் கை ஹேண்ட் பிரேக் மேல் இருந்தது. அந்தக் கை அங்கே எப்போது போனது என்று எனக்குத் தெரியாது.

அந்தச் சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் மலை வளைவுகளில் இறங்கி வந்தோம்.

நீ பார்த்துவிட்டாய். ஊருக்குப் புறப்படும் வரை சொல்வாய், சொல்வாய் என்று இருந்தேன். ரயில் கிளம்பும்போதுகூட ஜன்னல் பக்கம் வந்து "அண்ணே, தொப்பி போட்டுக்கோ, வெயில்" என்றுதான் சொன்னாய்.

ஜூன் முதல் வாரம் பள்ளிக்கூடம் திறக்கிறது. எழுது.

அண்ணி

*

மே 20

குருவிக்கு,

நலமா? பதில் இல்லை. கடைக்குத் தபால்காரர் வரும்போதெல்லாம் மாவுக் கையோடு வெளியே ஓடுகிறேன். முதலாளி கேலி பண்ணுகிறார்.

நேற்று உன் அண்ணன் பஸ்ஸைக் கழுவி, புது இருக்கையை மாட்டிக்கொண்டு வந்தார். சின்னப் பிள்ளை மாதிரி என்னைக் கூட்டிப் போய் உட்கார வைத்துக் காட்டினார். பின்னால் திரும்பிப் பார்த்தேன், அத்தனை காலி இருக்கைகள்.

உனக்கு என்மேல் கோபமா? இருந்தால் இருக்கட்டும். திட்டியாவது எழுது.

அண்ணி

*

மே 26

அண்ணிக்கு,

நான் சுகமாக இல்லை. நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

கோபம் இல்லை, அண்ணி. பயம். உங்களைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னவள் இந்த மூன்று வாரமாகக் கத்தரியை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

நான் பார்த்தது சிக்னலில் மட்டும் இல்லை. நீங்கள் வந்த மறுநாளே பார்த்துவிட்டேன். நீங்கள் எல்லோரும் கடைத்தெருவுக்குப் போனீர்கள். அண்ணன் என் நாற்காலியில் உட்கார்ந்தார். காதோரம் கத்தரித்துக்கொண்டே அப்பாவைப் பற்றிப் பேசினேன். பதில் வரவில்லை. "போதும் அண்ணே, நடிச்சது" என்றேன். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். நீங்கள் எழுதியபடியே வாய் மென்றுகொண்டிருந்தது. போர்த்தியிருந்த துணிக்கு உள்ளே கை எதையோ தடவிக்கொண்டிருந்தது. அவர் தலை என் கையில் இருந்தது. அவர் இல்லை.

எத்தனை வருஷமாக எத்தனை தலையைப் பிடித்திருக்கிறேன். அப்படி ஒரு கனம் எந்தத் தலையிலும் இல்லை. சுவரில் இருந்த சின்னக் கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். எதற்கு அப்படிச் செய்தேன் என்று தெரியாது. பிறகு அவர் "என்ன சொன்ன?" என்றார். "ஒண்ணுமில்லண்ணே, தலைய குனி" என்றேன்.

அதற்கப்புறமும் மலைக்குப் போக வேன் சாவியை மாப்பிள்ளை அவரிடம் கொடுத்தபோது நான் பேசவில்லை. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்களே. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த வளைவுகளில் நான் பட்ட பாட்டை யாரும் பட வேண்டாம். எல்லோரும் பின்னால் பாடிக்கொண்டு வந்தீர்கள். என்னோடு சேர்த்து ஒன்பது உயிர். எதை நம்பி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்?

இன்னும் ஒன்று. அப்பாவும் அப்படித்தான் மென்றார். பேப்பர் ஓரத்தை அப்படித்தான் தடவினார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ரசித்தோம். கால் தவறி விழுந்தார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் அண்ணனும் அதைத்தான் நம்பினோம். அண்ணி, அவருக்குக் கால் தவறவில்லை.

என் கடைக்கு நரம்பு டாக்டர் அம்மா ஒருவர் முடி வெட்டிக்கொள்ள வருவார். யாருக்கோ என்று சொல்லிக் கேட்டேன். "முதல்ல சாவியை வாங்குங்க. அப்புறம் என்கிட்ட கூட்டிட்டு வாங்க. மருந்து இருக்கு" என்றார்.

நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. என்னைத் தூக்கி வளர்த்தவர். அதனால் எழுதப்போகிறேன். உங்களுக்கு இல்லை, மேசைக்கு. அவரே வாசிக்கட்டும். வேறு யார் வாயால் கேட்டாலும் அவர் நம்ப மாட்டார். நாளைக்கே தபாலில் போடுகிறேன். அது வரும்போது தையல்காரி அக்கா குடும்பமும் கூட இருக்கட்டும்.

குருவி

*

மே 27

அன்புள்ள அண்ணனுக்கும் கூட இருக்கும் எல்லோருக்கும்,

அண்ணே, நீ சுகமா என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

இதை நீ சத்தமாக வாசிக்கிறாய். எங்கும் நிறுத்தாதே. நான் நிறுத்தச் சொல்லவில்லை. யாரும் சிரிக்க வேண்டாம்.

அண்ணே, அவ்வப்போது உனக்கு நினைவு போய்விடுகிறது. கண் திறந்திருக்கும், நீ இருக்க மாட்டாய். அது உனக்குத் தெரியாது. நீ நடிக்கிறாய் என்று நாங்கள் நினைத்தோம். என் நாற்காலியில் நான் பார்த்தேன். மலையிலிருந்து வந்த அன்று சிக்னலில் பார்த்தேன். இங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரும் பார்த்திருக்கிறார்கள். நம்பிக்கை இல்லாவிட்டால் கேட்டுப் பார்.

அப்பா பேப்பர் வாசித்ததை நினைத்துப் பார். அவர் நிறுத்திய இடங்கள் எல்லாமே சுவாரசியமான இடங்களா? யோசி, அண்ணே. எனக்கு ஒன்றும் சுவாரசியமாக ஞாபகம் இல்லை.

இதற்கு மருந்து இருக்கிறது. டாக்டரைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஆனால் பள்ளிக்கூடம் திறக்கிற நாளில் நீ பஸ்ஸை எடுக்காதே. உன் கால்மேல் நான் தலை வைத்துத் தூங்கிய நாளெல்லாம் சாட்சி, என்மேல் கோபப்படு, பேசாமல் இரு, என் வாசலை மிதிக்காதே. ஆனால் சாவியைக் கொடுத்துவிடு.

உன்
குருவி

*

ஜூன் 4

அன்புள்ள குருவிக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் வந்தது. தையல்காரி, அவள் வீட்டுக்காரர், பட்டன் எல்லோரும் இருந்தார்கள். கவரைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. 'சுகமா என்று இந்தத் தடவை நிஜமாகவே' என்று உன் குரலில் ராகம் போட்டார். 'யாரும் சிரிக்க வேண்டாம்' என்று படித்ததும் எல்லோரும் சிரித்தார்கள்.

'நினைவு போய்விடுகிறது' என்ற இடத்தில் நின்றார்.

நான் அவர் கண்ணைப் பார்த்தேன். கண் காகிதத்தில் இருந்தது. வாய் மெல்லவில்லை. கை எதையும் தடவவில்லை. இந்த முறை அவர் அங்கேயேதான் இருந்தார், குருவி. நான் இத்தனை நாள் பயந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று அப்போது தோன்றியது.

காகிதத்தைப் பெரியவளிடம் நீட்டி, "நீ படிம்மா. எழுத்து சரியா தெரியல" என்றார். அவள் அழுதுகொண்டே முடித்தாள். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து, "நீ பாத்தியா?" என்று கேட்டார். ஒவ்வொருவராகத் தலையாட்டினோம். தையல்காரியால் முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கடைசியில் பட்டனை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "அந்தச் சிலை விளையாட்டுல யாரும்மா ஜெயிப்பாங்க?" என்றார்.

"எப்பவும் நீங்கதான் மாமா" என்றாள்.

பட்டனை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு எப்பருந்து தெரியும்?"

"பிப்ரவரிலருந்து."

"பிப்ரவரிலருந்து லீவு விடுற வரைக்கும், அத்தனை பிள்ளைங்களையும் என்கூட அனுப்பி வச்சிருக்க."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் மனசு நோகுமே, வேலை போகுமே, யார் பூனைக்கு மணி கட்டுவது என்றுதான் நான் பயந்தேன். உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் பஸ் போகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன். மாலையில் திரும்பி வரும் சத்தம் கேட்டால்தான் சோறு இறங்கும். ஒரு நாளாவது அந்த பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றேனா? பட்டனும் அதில்தான் போனாள். என் தோழி என்னோடு இன்னும் பேசவில்லை. இந்தத் தடவை வாந்திக்காக இல்லை.

மறுநாள் காலையில் வழக்கம்போல் குளித்து, சீருடை போட்டுக்கொண்டு கிளம்பினார். என் உயிர் என்னிடம் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய், சாவியைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்து, காரணத்தையும் அவரே சொல்லியிருக்கிறார். வேறு ஆள் வரும் வரை வாசலிலேயே நின்று, புது டிரைவருக்கு எந்த நிறுத்தத்தில் எந்தப் பிள்ளை ஏறும், யார் தாமதமாக வருவார்கள் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார். வந்ததும் உடுப்பை மாற்றாமலே கட்டிலில் உட்கார்ந்தார். இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. உனக்குத் தனியாக எழுதுவதாகச் சொன்னார்.

அண்ணி

*

ஜூன் 9

குருவி,

நலம். நீ நலமா?

எனக்கு எழுதி வழக்கமில்லை, வாசித்துத்தான் வழக்கம். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

உன்மேல் கோபம் இருக்கிறது. வேன் சாவியை என் கையில் கொடுக்கவிட்டாயே, அதற்கு. என் பெண்கள் இருவரும் பின்னால் இருந்தார்கள். உன் அண்ணிமேல் அதைவிட அதிகக் கோபம். இரண்டும் போகும், நாளாகும்.

உன் கடிதத்தைத் தனியாக இன்னொரு முறை படித்தேன். உன் அண்ணிக்கு நீ எழுதியவற்றையும் கேட்டு வாங்கிப் படித்தேன். அப்பா விஷயமும் சரியாகத்தான் இருக்கும். ஒரு முறை 'அரிசி விலை' என்று வாசித்துவிட்டு நின்றார். அரிசி விலையில் என்ன சுவாரசியம்?

எனக்குப் பயமாக இருக்கிறது, குருவி. இதை மேசையில் சொல்ல முடியாது. போனதே தெரியாமல் போகிறேன் என்கிறீர்கள். இதை எழுதுவதற்குள் எத்தனை முறை போய் வந்தேனோ. கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். எத்தனை நேரம் பார்த்தாலும் நான் இருக்கும்போதுதானே எனக்குத் தெரிகிறேன்.

பதினெட்டாம் தேதி ரயிலில் வருகிறோம், நானும் உன் அண்ணியும் மட்டும். டாக்டரிடம் சொல்லி வை. உன் கடையில் திருப்பி வைத்த கண்ணாடியை மறுபடி சரியாக வை.

ஜன்னல் ஓரத்தில் எனக்கு இடம் போட்டிருக்கிறேன். இத்தனை வருஷமாக ரோட்டைத் தவிர வேறு பக்கம் பார்த்ததில்லை, ஓட்டுகிறவன் பார்க்கக் கூடாது. போன தடவை உங்கள் ஊருக்கு வந்தபோதும் ரயிலில் சீட்டாடிக்கொண்டே வந்ததில் எதையும் கவனிக்கவில்லை. உன் அண்ணியை எதிரில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். நான் நின்றுவிட்டால் தட்டி எழுப்பக் கூடாது, அழவும் கூடாது. அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே என்னென்ன போனதென்று பார்த்து வைத்திருந்து, நான் வந்ததும் சொன்னால் போதும்.

உன்
அண்ணன்